ஒரு முறை மட்டும் சுழன்ற தட்டு

பல் டாக்டர் தன் வாழ்நாளில் இரண்டு வகை மனிதர்களோடுதான் மனம்விட்டுப் பேசியிருக்கிறார். ஒன்று, சாய்வு நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்த நோயாளிகள். முப்பத்தெட்டு ஆண்டுகள் அவர்கள் வாய்க்குள் பஞ்சையும் கண்ணாடியையும் செருகிவிட்டு, அரசியலிலிருந்து ஆன்மா வரை எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறார். ஒருவர்கூட மறுத்துப் பேசியதில்லை. மற்றொன்று, ஓய்வு பெற்றபின் ஞாயிறு பிற்பகல்களில் அவர் வீட்டில் கூடிய ஜாஸ் சபை. அவர்கள் மறுத்துப் பேசுவார்கள். ஆனால் இசைத்தட்டு முடிந்த பிறகுதான்.

இப்போது மறுத்துப் பேசாதவர் பட்டியலில் அவர் மனைவியும் சேர்ந்திருந்தாள். மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, வலப்பக்கம் செயலிழந்து, ஏழு வாரமாக அவளுக்குப் பேச்சில்லை. அவளுக்குப் பேச்சு திரும்ப வருமா என்பது மகளின் கவலை. வந்தால் முதலில் எதைச் சொல்வாள் என்பது டாக்டரின் கவலை.

முதலில் அந்த வீட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பழைய கட்டடம், முதல் மாடி, மரப்பலகை பாவிய தரை. நீண்ட நடையின் ஒரு கோடியில் சமையலறை. மறுகோடியில் இசை அறை. அங்கே சுவர் முழுக்க நாலாயிரத்துச் சொச்சம் ஜாஸ் தட்டுகள், புத்தகம்போல் நிமிர்ந்து நிற்கும். ஒவ்வொன்றையும் காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவி, மான்தோலால் ஒற்றி, உள்ளுறை மாற்றி வைத்திருந்தார். சாப்பிட்ட தட்டு ஒன்றை அவர் கழுவி அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

நியாயமாகச் சொன்னால், அந்த மனிதருக்குச் சுகம் தெரியும். ஊசி தடத்தில் இறங்கும்போது முதலில் ஒரு சின்னப் பெருமூச்சு வரும். பிறகு எண்ணெய் காயும் வாணலிபோல மெல்லிய பொரிதல். அதற்குள்ளிருந்து, இருட்டு அறையில் யாரோ நெருப்புக்குச்சி உரசியதுபோல, ஒரு சாக்ஸஃபோன். அந்த நேரத்தில் டாக்டரின் முகத்தைப் பார்த்தால் பாவமாகக்கூட இருக்கும். எல்லாப் பல்லும் விழுந்த குழந்தை மாதிரி ஆகிவிடுவார். கோளாறு அதில் இல்லை. அந்தச் சுகம் தனக்கு மட்டும் வாய்த்த பதவி என்று அவர் நினைத்ததில் இருந்தது.

மரத்தரையில் யாராவது அழுத்தி நடந்தால் ஊசி அதிரும். அதற்காகச் சபையின் கட்டடப் பொறியாளர் ஒரு சோதனை செய்தார். டர்ன்டேபிள் மேடையில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துவிட்டு, டாக்டரின் மனைவியை நடையில் முன்னும் பின்னும் நடக்கவிட்டார். எந்தப் பலகையில் கால் வைத்தால் தண்ணீர் நடுங்குகிறது என்று குறித்துக்கொண்டு, கடைசியில் சுவரோரமாக ஒரு சாண் அகலத்துக்குச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார்கள். தட்டு சுழலும்போது அந்தக் கோட்டுக்குள்தான் நடக்கலாம்; அதுவும் துணிச்செருப்போடு.

"என் வீட்டுல எனக்கு ஒரு சாண் பாதை. பல்லி போற வழி இதைவிட அகலம்" என்றாள் மனைவி. ஆனால் நடந்தாள்.

குரலும் அதிர்வுதான் என்பது அடுத்த விதி. அவசரமென்றால் கதவோரம் வந்து, நூல் இழுப்பதுபோல "ஏங்க" என்று ஒருமுறை சொல்லலாம். டாக்டர் கண்ணைத் திறக்காமல் ஆள்காட்டி விரலை உயர்த்துவார். பொறு என்று பொருள். ஒரு பக்கம் முடிந்ததும் அவரே வருவார். கல்யாணமான காலத்தில் அந்த "ஏங்க" நாலு வீட்டுக்குக் கேட்கும். விதி வந்தபின் அது தேய்ந்து தேய்ந்து, தட்டு ஓடாத நேரத்திலும் அப்படியே நின்றுவிட்டது.

அவளுக்கும் சங்கீதத்துக்கும் உறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மருத்துவமனையில் டாக்டருக்கு உதவியாளாக நின்று, நோயாளியின் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். துளைக்கும் கருவி அலறும்போது மெதுவாக எதையாவது முனகுவாள். நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்துவிடும். டாக்டரின் கைராசி என்று ஊரார் சொன்னதில் பாதி அந்த முனகல்தான். எந்தப் பாட்டும் ஒருமுறை காதில் விழுந்தால் போதும், அப்படியே வாயில் வரும். சபை வந்துபோன மறுநாள் ஜாஸும் வரும்.

"இதையெல்லாம் முனகக் கூடாது" என்பார் டாக்டர். "துணி துவைக்கிறப்ப பாடுற பாட்டா இது?"

"நல்லா இருந்தா வாயில வருதுங்க. நான் என்ன பண்ண?"

"நல்லா இருக்குன்னு சொல்றதுக்கே முப்பது வருஷம் கேக்கணும்."

அதற்குப் பிறகு டாக்டர் இருக்கும்போது அவள் முனகுவதில்லை.

சபையில் வக்கீல், பொறியாளர், டாக்டர் ஆகிய மூவர் நிரந்தரம். நாலாமவர் விமர்சகர். பத்திரிகை ஒன்றில் இருபது ஆண்டுகள் ஜாஸ் பற்றி எழுதியவர். படித்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. மறுத்து எழுதியவர் ஒருவருமில்லை. எந்தத் தட்டைப் போட்டாலும் நாலு தாளம் போவதற்குள் பெயர், ஆண்டு, அன்று அங்கே பெய்த மழை எல்லாம் சொல்லிவிடுவார். அடையாளம் தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் வாயைக் கட்டுவது அவருக்கு மூத்திரத்தை அடக்குவதுபோல. உட்கார முடியாது.

அந்த விமர்சகர்தான் ஒருமுறை எழுதினார்: பாஸ் என்னும் ஆளுயரத் தந்தி வாத்தியம் வாசிப்பவர் ஒருவர் தன் சகாக்கள் மூவரோடு ஏதோ நிலவறையில் வாசித்துப் பதிந்த தட்டு ஒன்று உண்டு, இருநூறு பிரதிதான் அச்சாகின, உலகத்தில் மிச்சம் ஏழு, மறுபதிப்பு இல்லை, வேறெங்கும் கேட்க முடியாது. டாக்டர் மூன்று ஆண்டு கடிதம் எழுதி, ஏழில் ஒன்றைப் பிடித்துவிட்டார். அறுபது ஆண்டாக உறை பிரிக்காத பிரதி.

பிரிப்பதா வேண்டாமா என்று சபை இரண்டு மாதம் விவாதித்தது.

"பிரிச்சா அதோட கௌரவம் போச்சு" என்றார் வக்கீல். "பிரிக்கலைன்னா உள்ள என்ன இருக்குன்னே நமக்குத் தெரியாது. சட்டப்படி பாத்தா இது ஒரு பார்சல்."

"நானும் ஒரு வார்த்தை சொல்லட்டுமா?" என்றாள், கோப்பைகளை எடுக்க வந்த மனைவி. "பாட்டுன்னா கேக்கத்தானே?"

நால்வரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பிறகு அதையே நீட்டி முழக்கித் தீர்மானமாக்கினார்கள்: ஒரே ஒருமுறை பிரித்து, இரண்டு பக்கமும் ஒரே ஒருமுறை கேட்டு, மறுபடி மூடிவிடுவது. விமர்சகர் சாட்சி.

அந்த ஞாயிறு பல் மருத்துவக் கத்தியால் உறை கீறப்பட்டது. நால்வர் கையிலும் வெள்ளைக் கையுறை. பிரசவ அறை தோற்றது. விமர்சகர் உறைக்குள் மூக்கை விட்டு, "அறுபது வருஷத்துக் காத்து" என்று கண் கலங்கினார். டாக்டர் ஊசியின் ஆயுளுக்காக ஒரு நோட்டு வைத்திருந்தார். எந்தத் தட்டு, எத்தனை மணிக்கு என்று எழுதிவிட்டுத்தான் போடுவார். ஐந்து எட்டு என்று குறித்தார். ஊசி இறங்கியது.

ஒன்பதாவது நிமிடத்தில் நடையில் 'தொம்' என்று ஒரு சத்தம். தரை அதிர்ந்தது. ஊசி ஒரு தடம் எகிறி, 'டக்' என்று விழுந்து, மேலே ஓடியது.

டாக்டரின் நெஞ்சு நின்றுபோனது, அந்த 'டக்'குக்காக. அறுபது ஆண்டு கீறல் படாத உடம்பு. விமர்சகர் ஒரு கண்ணைத் திறந்தார். பக்கத்தின் நடுவில் எழுந்து போகிற மனிதர் என்று அவர் எங்காவது எழுதிவிட்டால்?

"மேல் வீட்டுப் பசங்க" என்றார் டாக்டர், உதடு அசையாமல்.

விமர்சகர் கண்ணை மூடிக்கொண்டார். மேல் வீட்டார் இரண்டு வாரமாக ஊரில் இல்லை. பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிக் கொடுத்துப்போன சாவி, டாக்டர் வீட்டு நடையில் ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

முதல் பக்கம் முடிந்தது. ஊசி கடைசி வெற்றுத் தடத்தில் சுற்றிச் சுற்றி, டிக்... டிக்... என்று தட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் அதைத் தூக்கவில்லை. கடைசித் தடமும் படைப்பின் ஒரு பகுதி என்பது விமர்சகரின் கொள்கை. வழக்கமாக இந்த இடத்தில்தான் சுண்ணக்கோட்டின் வழியே தேநீர் வரும். வரவில்லை.

"அறை இருபதடிதான். கூரை தாழ்வு" என்றார் பொறியாளர், கேட்ட ஓசையை அளந்து.

"டிரம்ஸ் வாசிச்சவன் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. கவனிச்சீங்களா?" என்றார் வக்கீல்.

"ஏழாவது நிமிஷத்துல பாஸ்காரர் எச்சில் முழுங்கினார்" என்றார் விமர்சகர்.

டிக்... டிக்... வெளியே ஏதோ மெல்லிய ஒலி. பழக்கத்தில் டாக்டரின் ஆள்காட்டி விரல் கதவுப் பக்கம் ஒருமுறை உயர்ந்து இறங்கியது. யாரும் பார்க்கவில்லை. அவரும் அதைப் பார்க்காததுபோல் கையை மடக்கிக்கொண்டார்.

"டீ எதுவும் வேண்டாம் டாக்டர்" என்றார் விமர்சகர். "இந்த மனநிலையைக் கலைக்காதீங்க. திருப்புங்க."

டாக்டர் திருப்பினார்.

இரண்டாம் பக்கம் பத்தொன்பது நிமிடம். அதில் இரண்டாவது பாட்டில் பாஸ் தனியாக வருகிறது. துணைக்கு யாருமில்லாமல், காலி வீட்டில் ஒவ்வோர் அறையாகக் கதவு திறந்து பார்க்கிறவன்போல அந்த மனிதர் வாசித்திருந்தார். பக்கம் முடிந்ததும் நால்வரும் கையுறையோடு கை தட்டினார்கள். பூனைகள் கை தட்டினால் அப்படித்தான் கேட்கும். ஒரு தேநீராவது கேட்டு வாங்கலாம் என்று டாக்டர் கதவைத் திறந்தார்.

சுவரோரமாகக் கிடந்தாள். கண் திறந்திருந்தது. ஒரு துணிச்செருப்பு மட்டும் கழன்றிருந்தது. விழும்போதுகூட அவள் கோட்டைத் தாண்டவில்லை.

ஆம்புலன்ஸுக்குப் போன் போனது ஐந்து நாற்பத்தெட்டுக்கு.

மகள் வேறு ஊரில் தீயணைப்பு நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க, அலறுகிறவர்களிடமிருந்து விலாசத்தையும் நேரத்தையும் பிடுங்கி எழுதும் வேலை. இரவோடு இரவாக வந்து இறங்கியவள் அழுதுமுடித்ததும் முதல் கேள்வியாகக் கேட்டாள்.

"எத்தனை மணிக்குப்பா விழுந்தாங்க?"

"அஞ்சே முக்கால் இருக்கும்மா. தட்டு முடிஞ்சு பேசிட்டிருந்தோம். சத்தம் கேட்டுச்சு. உடனே ஓடினேன்."

"உடனேயா?"

"உடனே."

மூளை நிபுணர் பொதுவாகத்தான் சொன்னார்: "இதுல ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. அரை மணி முன்னால வந்தவங்க எழுந்து நடந்து போயிருக்காங்க." டாக்டர் தலையாட்டிக்கொண்டே தன் ஷூ முனையைப் பார்த்தார்.

மறுநாள் சபை மருத்துவமனை வராந்தாவில் கூடியது. தட்டு இல்லாமல் அவர்கள் கூடியது அதுதான் முதல்முறை.

"நாம யாரும் எதையும் கேக்கல" என்றார் வக்கீல், தாழ்ந்த குரலில். "அது உண்மையும்கூட. கண்ணை மூடிட்டு ஆழ்ந்து இருந்தோம்."

"தொம்முனு ஒண்ணு..." என்று ஆரம்பித்தார் பொறியாளர்.

"அது மேல் வீடு. டாக்டரே சொன்னார்."

"ஆமா. டாக்டரே சொன்னார்." பொறியாளரின் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி வந்தது.

அறுபது ஆண்டுக்கு முன் ஒருவன் எச்சில் விழுங்கியதைக் கேட்ட நான்கு சோடிக் காதுகளும், கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்பிள்ளை விழுந்ததைக் கேட்கவில்லை என்று ஏகமனதாக முடிவானது. விமர்சகர் மட்டும் வரவில்லை. அவருக்குத் தகவல் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். வக்கீலுக்கு வாழ்நாளில் பட்ட பல தோல்விகளுக்கும் காரணம், சாட்சிக்குச் சொல்லிக்கொடுக்க மறந்ததுதான்.

மூன்று வாரத்தில் வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். மகள் நீண்ட விடுப்பு எடுத்திருந்தாள். இசை அறையில்தான் வெளிச்சமும் காற்றும் என்று அவள் சொல்லிவிட்டதால், தட்டுச் சுவருக்கு எதிரே கட்டில் போடப்பட்டது. சுண்ணக்கோட்டை மகள் ஈரத்துணியால் துடைத்தாள். பாதி போனது, மீதி பலகையின் ரேகைக்குள் இறங்கியிருந்தது.

வாரம் மூன்று நாள் பேச்சுப் பயிற்சியாளர் வந்தாள். சிரித்த முகமுள்ள சின்னப் பெண். படம் போட்ட அட்டைகளைக் காட்டுவாள். மனைவி வாயைத் திறப்பாள், காற்று வரும், கண்ணில் நீர் வரும். ஐந்தாம் வாரத்தில் பயிற்சியாளர் சொன்னாள்: "பேச்சு போனவங்களுக்கும் சில சமயம் ராகம் போகாது. அது மூளையில வேற இடம். பாட்டைப் பிடிச்சு, அதுலேருந்து வார்த்தைக்கு வரலாம். அம்மாவுக்குத் தெரிஞ்ச பாட்டு ஏதாவது பாடிக் காட்டுறீங்களா சார்?"

டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஜாஸில் ராகம் என்று தனியாக எடுக்க முடியாது, அதன் ஆதாரம் வேறு என்று விளக்கத் தொடங்கினார்.

"சும்மா ரெண்டு வரி போதும் சார். இத்தனை தட்டு வச்சிருக்கீங்களே."

நாலாயிரம் தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு டாக்டர் யோசித்தார். எந்தத் தட்டு எந்த ஆலையில் அச்சானது என்று தெரியும். உறையின் முதுகு என்ன நிறம் என்று தெரியும். முனக ஒரு வரி வரவில்லை. மகள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஜன்னல் கதவைச் சரிசெய்யப் போய்விட்டார்.

அடுத்த வாரம் ஒரு காலை, மகள் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது, மனைவியின் தொண்டைக்குள் ஏதோ உருண்டது. முதலில் இருமல் என்று நினைத்தார்கள். அது ஏறி இறங்கியது. நின்று, மீண்டும் எடுத்தது. ராகம்தான். மகள் சீப்போடு ஓடிவந்து அப்பாவை இழுத்துப்போனாள்.

"கேளுங்க! என்ன பாட்டுப்பா இது?"

டாக்டர் கேட்டார். காலி வீட்டில் ஒருவன் ஒவ்வோர் அறையாகக் கதவு திறந்து பார்க்கிறான். சுரம் பிசகாமல், இடைவெளி பிசகாமல்.

"தெரியலம்மா."

"உங்களுக்கா தெரியல?"

"சும்மா ஏதோ முனகுறா. பாட்டுன்னு சொல்ல முடியாது."

மனைவி முனகுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் டாக்டருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நாற்காலியில் வாய் திறந்து கிடக்கும் நோயாளி, அடுத்து எந்தக் கருவியை எடுக்கப்போகிறார் என்று பார்ப்பான் பாருங்கள், அப்படிப் பார்த்தாள்.

ஏழாம் வாரம், பயிற்சியாளர் இருந்த நேரத்தில், வக்கீலும் விமர்சகரும் நலம் விசாரிக்க வந்தார்கள். விமர்சகர் கட்டிலைவிடத் தட்டுச் சுவரைத்தான் அதிகம் விசாரித்தார்.

"அம்மா, சாருக்கும் பாடிக் காட்டுங்க" என்றாள் பயிற்சியாளர் உற்சாகமாக.

மனைவி இடக்கையைக் கட்டில் கம்பியின் மேல் வைத்தாள். விரல்நகத்தால் தட்டினாள். டிக். கொஞ்சம் விட்டு, டிக். அப்படியே வெகுநேரம், ஒரே சீராக. பிறகு கையை நிறுத்திவிட்டு முனகத் தொடங்கினாள்.

நாலு தாளம் போகவில்லை. விமர்சகர் எழுந்து நின்றுவிட்டார்.

"ரெண்டாம் பக்கம்! ரெண்டாவது பாட்டு! பாஸ் தனியா வர்ற இடம்! டாக்டர், உங்க சம்சாரம் ஒரு சுரத்தைக்கூட விடலையே! அதுக்கு முன்னாடி தட்டினாங்களே, அது என்ன தெரியுமா? கடைசித் தடம்! நான் எழுதியிருக்கேன், அதுவும் படைப்போட பகுதின்னு. என்னை மாதிரி இதைப் புரிஞ்சுக்கிட்ட இன்னொரு ஆள் இந்த வீட்டுலயே இருந்திருக்காங்க!"

வக்கீல் விமர்சகரின் பாதத்தைத் தேடி மிதித்தார். விமர்சகர் பாதத்தை நகர்த்திக்கொண்டார்.

"எந்தத் தட்டு சார்?" என்றாள் மகள்.

"அதான்மா, ஏழே ஏழு இருக்கே, அது. இங்க தவிர எங்கயும் கேக்க முடியாது. இந்த வீட்டுலயும் ஒரே ஒருமுறைதான் சுழன்றிருக்கு. நான் சாட்சி."

"அன்னைக்கா?"

"அன்னைக்குத்தான். என்ன, முதல் பக்கத்துல ஒரு கீறல் விழுந்துபோச்சு. மேல் வீட்டுப் பசங்க குதிச்சாங்க. தொம்முனு. எனக்கு நெஞ்சே அறுந்துபோச்சும்மா."

மகளின் முகத்தில் எதுவும் அசையவில்லை. கட்டுப்பாட்டு அறைக் குரலில், ஒவ்வொன்றாக, கேட்டாள்.

"முதல் பக்கம் எவ்வளவு நேரம் ஓடும் சார்?"

"பதினெட்டு நிமிஷம். ரெண்டாவது பத்தொன்பது."

"சத்தம் எப்ப வந்துச்சு?"

"சரியா நடுவுல. ஒன்பதாவது நிமிஷம்." இவ்வளவு கவனமாகக் கேட்கும் ஆள் கிடைத்ததில் விமர்சகருக்கு ஒரே பூரிப்பு.

"முடிஞ்சதும் அம்மா டீ கொண்டு வந்தாங்களா?"

"வரலை. நான்கூடச் சொன்னேன், வேண்டாம், மனநிலை கலைஞ்சிடும்னு..."

அங்கே விமர்சகரின் பேச்சு, எகிறிய ஊசிபோல, தானாக நின்றது. முதலில் வக்கீலைப் பார்த்தார். பிறகு கட்டிலைப் பார்த்தார். எழுபது வயது முகம் ஒரு நொடியில் எண்பதானது. எதையோ வீட்டில் மறந்துவிட்டு வந்ததாக முணுமுணுத்தபடி கிளம்பினார். மரத்தரையில் அவர் காலடி ஒவ்வொன்றும் கேட்டது. வக்கீல் அவருக்கு முன்பே படியிறங்கியிருந்தார்.

மகள் நடைக்குப் போய் ஆணியைப் பார்த்தாள். மேல் வீட்டுச் சாவி இப்போது அங்கில்லை. அம்மா மருத்துவமனையில் கிடந்த முதல் வாரம் அந்தப் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றியவள் அவள்தான். பத்து நாள் கழித்து வந்தவர்களிடம் சாவியைக் கொடுத்தவளும் அவள்தான். அலமாரியில் ஊசி நோட்டு இருந்தது. கடைசி வரியைப் பார்த்தாள். அப்பாவின் அழகான கையெழுத்து: ஐந்து எட்டு.

"அஞ்சு பதினேழுக்கு விழுந்தாங்க. ஆம்புலன்ஸுக்குப் போன் அஞ்சு நாப்பத்தெட்டு. முப்பத்தோரு நிமிஷம்" என்றாள், திரும்பி வந்து.

"நீ நினைக்கிற மாதிரி இல்லம்மா. விமர்சகர் இருந்தார்... பாதியில எழுந்தா..."

"அந்தத் தட்ட எடுங்கப்பா."

"எதுக்கு?"

"டாக்டர் சார், அது நல்ல யோசனை" என்றாள் பயிற்சியாளர், நடந்தது எதுவும் புரியாமல். "அம்மாவுக்கு இவ்வளவு பதிஞ்ச பாட்டு வேற கிடைக்காது. தினமும் போடலாம்."

"அது ஒரே ஒருமுறைன்னு..." என்றார் டாக்டர். சொல்லும்போதே அந்த வாக்கியம் எவ்வளவு நாற்றமடிக்கிறது என்று அவர் மூக்குக்கே தெரிந்தது. எடுத்தார். கையுறை போட மறந்துபோனது. ஊசி இறங்கியது.

மகள் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே நின்றாள். மனைவி கண்ணை மூடவில்லை. சாக்ஸஃபோன் நெருப்புக்குச்சியை உரசியது, அறை நிறைந்தது. அது அழகாகவே இருந்தது. டாக்டரால் அதைச் சகிக்க முடியவில்லை. ஒன்பதாவது நிமிடத்தில் 'டக்'. மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். மனைவியின் இடக்கை மட்டும் போர்வையை இறுகப் பிடித்தது.

இன்னும் ஒன்பது நிமிடம். இத்தனை நீளமான ஒன்பது நிமிடத்தை டாக்டர் கேட்டதில்லை. பக்கம் முடிந்தது. டிக்... டிக்... டாக்டர் அவசரமாக எழுந்து ஊசியைத் தூக்கப் போனார்.

"தொடாதீங்க" என்றாள் மகள். "மூணு நிமிஷம் பேசினீங்கல்ல. ஓடட்டும்."

டாக்டர் உட்கார்ந்தார். டிக்... டிக்... மனைவி கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடையில் கிடந்து அல்ல, அறைக்குள்ளிருந்து பார்க்கிறோம் என்பது அவளுக்கு மறந்துவிட்டதுபோல இருந்தது. விரல் கம்பியில் தட்டியது. உதடு குவிந்தது, பிரிந்தது, மறுபடி குவிந்தது. பயிற்சியாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு வந்தது, ஏழு வாரத்தில் முதல் வார்த்தை, நூல் இழுப்பதுபோல, ஊசி அதிராத குரலில்:

"ஏ...ங்க."

பயிற்சியாளர் கை தட்டினாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் அசையவில்லை. ஆள்காட்டி விரல் மட்டும் நாற்காலியின் கையிலிருந்து தானாக எழுந்தது. அதை இன்னொரு கையால் பிடித்து மடக்கினார். அந்தக் குரலுக்கு, அதே இடத்தில், அந்த விரல் எழுந்தது அது இரண்டாவது முறை.

டிக்... டிக்...

"ஏங்க" என்றாள் அவள், மீண்டும்.